மேகம் கேட்டு வைத்த நேர்த்தி

என் தங்கச்சி வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருக்கிறாள். சூரியன் மறைந்த பிறகு வானத்தைப் படமெடுப்பதுதான் வேலை. எட்டாம் வகுப்போடு நின்று ஊரில் ஓட்டோ ஓட்டுகிறவன் நான். எனக்கு விளங்கட்டும் என்று ஒருநாள் போனில் சொன்னாள்:

"சூரியன் கீழ போனாலும் மேல உள்ள காத்துல வெளிச்சம் படும்தானே அண்ணா. கீழ போகப் போக, இன்னும் உயரத்துக் காத்துல மட்டும்தான் படும். அத வெச்சி அங்க என்ன தூசி இரிக்கெண்டு பாக்கிறம். நம்மட வாவியில டக்கெண்டு இருண்டிரும். இஞ்ச அந்தி மணிக்கணக்கா நிக்கும்."

என் மனதில் நின்றது வேறு. தினமும் அவள் தனியாக இரும்பு ஏணியில் கூரைக்கு ஏறி, கமராக் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைக்க வேண்டுமாம். மேகம் மூடிய நாளில் ஏறத் தேவையில்லையாம்.

அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வயல் காய்ந்தால் நாங்கள் மழை கேட்பது கண்ணகி அம்மனிடம். நானும் போய், அந்தப் பக்கம் மேகத்தை அனுப்பு தாயே என்று தேங்காய் நேர்ந்துவிட்டு வந்தேன்.

பிறகு அவள் போன் எடுத்தபோது குரல் செத்துப்போயிருந்தது. "பத்து நாளா ஒரே மேகம் அண்ணா. இந்த அந்தி இன்னும் ரெண்டு கிழமைதான். அதுக்குப் பிறகு சூரியன் மறையவே மாட்டுது. படம் இல்லாட்டி நான் வந்ததே வீண்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை எடுத்துவிட்டாள்.

"அம்மனுக்கு இஞ்சத்த மழைக்கே நேரமில்ல, நீங்க துருவத்துக்கும் ஓடர் குடுத்திரிக்கீங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "போய்த் திருப்பிச் சொல்லிட்டு வாங்க. படிக்கப் போன புள்ளைட அலுவலக் கெடுக்காம" என்றாள்.

அன்று மாலையே போனேன். மேகத்தை எடுத்துவிடு, ஏணியை மட்டும் பிடித்துக்கொள் என்று கேட்டேன். கேட்டது இரண்டு என்பதால் தேங்காயும் இரண்டு.

மூன்றாம் நாள், ஏறாவூரில் ஓட்டோவிலிருந்து ஆளை இறக்கும்போது படம் வந்தது. அடியில் செம்மஞ்சள், மேலே மஞ்சள், அதற்கும் மேலே கடும் நீலம். 'வானம் திறந்திட்டு அண்ணா' என்று எழுதியிருந்தாள்.

'கீழ இறங்கிட்டியா?' என்று கேட்டேன். ஓட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஏற வந்து கேட்டார்கள், ஹயர் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

கடைசியில் வந்தது: 'ஓம், எப்பவோ இறங்கிட்டன். நாளைக்கும் ஏறணும்.'