ஓரமாக நிற்கத் தெரியாத கோச்

ஓட்டம் பழக்குகிறவர் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். எங்கள் கோச்சுக்கு அது மட்டும் வராது. ஒட்டிய கன்னமும் கொக்குக் காலுமாக இருப்பார். ஒருகாலத்தில் பெரிய ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரராம். மாமல்லபுரம் மணலில் எங்களை ஓடவிட்டு விசில் ஊதுவார்; அடுத்த நிமிடம் எங்களையே முந்திக்கொண்டு போவார்.

செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு பேருக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் கல்லூரியில் பி.யு.சி. படிக்க இடம் கிடைக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"சார், இன்னிக்கு மட்டும் ஓரமா நில்லுங்க சார்," என்று கெஞ்சினேன்.

"போடா, நான் இன்னா கொழந்தையா?"

கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் புல்தரையில் காலடிச் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரேதான்!

"கைய வீசு நைனா! அவன் தோ கீறான், புடி!"

பிடித்தேன், முதலாவதாகவும் வந்தேன். வெளியாள் கூடவே ஓடியதால் செல்லாது என்று நடுவர் என் பெயரை அடித்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "செகண்டுக்கே சர்டிபிகேட் உண்டே சார்! ஏன் சார் வந்தீங்க?"

மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "செகண்டா? செகண்டு வர்றதுக்கா இத்தினி நாளு ஓடிகினு இருந்த?"

அந்த வருடம் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவரைத் திட்ட எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்தது நிஜமான திகைப்பு. அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.