வண்டியில் வருகிற சார்

காசிமாயன் என்ற பெயர் ஆன்மேரியின் காதில் முதன்முதலாக விழுந்தது பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில். உள்ளே அவள் புருஷன் மைக்கேல்ராஜைத் துணியில் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். தல்லாகுளத்து அலுவலகத்தில் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையிலேயே சாய்ந்துவிட்டான். அவ்வளவுதான். யாரோ ஒருவர் வாசலுக்கு வந்து, "காசிமாயா, வில்லாபுரம் போகணும், வண்டியப் போடு" என்று கூப்பிட்டார். சாவு நேரத்தில் எது மனசில் தங்கும், எது தங்காது என்று யார் கண்டது? டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்கு நினைவில்லை. இந்தப் பெயர் தங்கிவிட்டது.

வண்டியின் பின்பக்கம் அவளும், மைக்கேல்ராஜின் அக்கா பிலோமினாளும் உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினாள் கல்யாணம் கட்டாமல் தம்பி வீட்டோடு இருந்தவள். அழுது அழுது மயங்கிக் கிடந்தாள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போனது. முன்னாலிருந்து டிரைவர் பேசுவது கேட்டது. போனில் பேசுகிறார் என்றுதான் ஆன்மேரி முதலில் நினைத்தாள்.

"சார், பாலம் ஏறுறோம். ஆத்துல தண்ணி கெடக்கு, பாத்து வாங்க."

கொஞ்ச தூரம் போனதும், "சார், கீழவாசல் வந்துருச்சு. திரும்புறோம், கூடவே வாங்க."

அப்புறம்தான் புரிந்தது, செத்தவனிடம் பேசுகிறார் என்று. உடம்பு வண்டியில் போய்விடும். உயிர் வழி தெரியாமல் நின்றுவிடக் கூடாது என்பது காசிமாயனின் எண்ணம். எந்தச் சாவானாலும் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப்போவார். தெற்குவாசல் பாலத்திலும் சொன்னார். ஆனால் வில்லாபுரம் ஹவுசிங் போர்டு திருப்பத்தில் சொல்ல முடியவில்லை. சொந்தக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே வண்டியை மறித்து, கதவைத் திறந்து, உடம்பைக் கைகளில் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் ஓடிவிட்டார்கள். அடுத்த சாவுக்கு அழைப்பு வந்துவிட்டதால் அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அமலிக்கு மூன்று வயசு. அந்த ஜூனில் அவளை எல்.கே.ஜி. சேர்ப்பதாக இருந்தது. மைக்கேல்ராஜுக்கு அதே பேச்சுத்தான். அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்வான்: "காசுக் கவலை மட்டும் இல்லைன்னு வையி ஆன்மேரி, இந்த வேலைய நாளைக்கே எழுதிக் குடுத்துருவேன். காலையில பாப்பாவப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவேன், சாயந்தரம் கூட்டியாருவேன். அம்புட்டுத்தான் எனக்கு வேலை." கேட்டு அவள் சிரிப்பாள். அவன் போன பிறகு அந்த அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அவன் சாய்ந்த மேசைக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து தபால்களுக்கு முத்திரை போட்டாள். அமலி பசுமலையில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய்வந்தாள்.

காசிமாயனின் கதை அவள் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டது. அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் வயலில் கூலி வேலை. அப்பன்தான் வயிற்றைக் கட்டிக் கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். ரிங் ரோடு பக்கம் மனைக்கு விலை ஏறியபோது அந்த நிலம் நல்ல விலைக்குப் போனது. மகள் பாண்டிமீனாவைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீடும் கட்டியாயிற்று. இனி வாடகையை வாங்கிக்கொண்டு வீட்டில் கிட என்றாள் மனைவி தங்கப்பொண்ணு. டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு யோசனை. காசு வந்தால் தான் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கப் போவதாகவும், எல்லாப் படத்தையும் ஓசியில் பார்க்கலாம் என்றும் மைத்துனன் சிவபாண்டி சொன்னான். காசிமாயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு வண்டிதான் மாப்ள. ஆனா கதவத் தெறந்தா தானா எறங்கி ஓடுற ஆளுகள ஏத்தணும்."

"அப்ப மினி பஸ்ஸுக்குப் போங்க மச்சான். அங்க வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே எறங்கிருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பாதிச் சம்பளத்துக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போய்விட்டார்.

அமலி இரண்டாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, எங்க வேன்ல ஒரு சார் வாராரு."

எந்த வகுப்பு சார் என்று ஆன்மேரி கேட்டாள்.

"தெரியல. நம்ம ஸ்டாப்புல மட்டும் டிரைவர் மாமா அவர்கிட்ட சொல்வாரு, 'சார், ஒங்க திருப்பம் வந்துருச்சு, எறங்குங்க'ன்னு. அவரு எறங்கவே மாட்டாரு." சொல்லிவிட்டு அமலி கிளுகிளுவென்று சிரித்தாள்.

ஆன்மேரி டிரைவர் பெயர் என்ன என்று கேட்டாள். பிள்ளை சொன்னது.

பிலோமினாள் குதித்தாள். பிண வண்டி ஓட்டினவனையா பிள்ளைகளுக்கு வைப்பார்கள், நாளைக்கே பெரிய டீச்சரிடம் போய்ச் சொல், ஒரு வார்த்தை போதும், வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்றாள். ஃபாதரைக் கூட்டிவந்து மந்திரிக்க வேண்டும் என்றாள். ஆன்மேரி மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேன் வரும் நேரத்துக்கு ஹவுசிங் போர்டு திருப்பத்தில் போய் நின்றாள்.

வேன் போகும் வழியில் கடைசி ஸ்டாப் அது. வேன் நின்றது. அமலி மட்டும் இறங்கினாள். காசிமாயன் பின்னால் திரும்பி உதடசைத்தது ஜன்னல் வழியே தெரிந்தது. முன்னால் திரும்பியபோது ஆன்மேரியைப் பார்த்தார். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"தாயி, அன்னைக்கு இந்தத் திருப்பத்துல சொல்லாம விட்டுட்டேன். அவரு வீடு போய்ச் சேரல. அந்த வண்டிய வித்துட்டாக, நானும் வேலைய விட்டேன். விட்டுப் போச்சுன்னுதான் இருந்தேன். இந்த ரூட்டுக்கு வந்த மொத நாளு, இங்க பிரேக்கப் போட்டதும் பின்னாடி ஆள் ஏறின மாதிரி வண்டி தாழ்ந்துச்சு."

"எங்க ஒக்காருவாரு?" ஆன்மேரி கேட்டாள்.

"கடைசி சீட்டு, சன்னலோரம். நான் ஒண்ணும் சொன்னதில்ல. புள்ளைக அதுகளா அந்த எடத்த விட்டுட்டுத்தான் ஒக்காருதுக."

"பக்கத்துல?"

காசிமாயன் அமலியைப் பார்த்தார். "இந்தப் பாப்பாதான். இது அவரு புள்ளைன்னு இப்பத்தான் தாயி தெரியுது."

பிறகு கையைக் கூப்பினார். "வீட்டாளு கூப்பிட்டா எறங்கிருவாரு. ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நானும் நிம்மதியா ஓட்டிக்கிருவேன். இந்த வேலைக்குத்தான் தாயி நான் ஆசைப்பட்டது."

ஆன்மேரி வேனில் ஏறினாள். பிஸ்கட் தூளும் வேர்வையும் கலந்த பிள்ளை வாசனை. கடைசி சீட்டில் ஜன்னலோரம் வெயில் விழுந்து கிடந்தது. சீட்டு உறை அந்த இடத்தில் மட்டும் அழுந்தியிருந்தது. அது பழைய சீட்டாகவும் இருக்கலாம். இறங்குங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காலையில கூட்டிப் போவேன், சாயந்தரம் கூட்டியாருவேன். சட்டையைக் கழற்றாமல் அவன் உட்கார்ந்திருந்த விதம் அப்படியே கண்ணில் வந்தது.

தினமும் காலையில் அவனை அலுவலகத்துக்கு அனுப்பும்போது சொன்னதுதான் வாயில் வந்தது.

"போயிட்டு வாங்க."

கீழே இறங்கியவளின் முகத்தைப் பார்த்ததுமே காசிமாயனுக்குத் தெரிந்துவிட்டது.

"எறங்கலையா தாயி?"

"அவருக்கு எறங்கத் தெரியாம இல்லண்ணே. வேலையில இருக்காரு."

"எம்புட்டு நாளைக்கு?"

"பாப்பா படிப்பு முடியிற வரைக்கும்னு நினைக்கிறேன்."

காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டார்.  "அப்ப நானும் எறங்க முடியாதுல்ல" என்றார். ஆன்மேரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பினாள். அமலி மட்டும் திரும்பி வேனுக்குக் கையாட்டினாள். யாருக்கு என்று ஆன்மேரி கேட்கவில்லை.

பெரிய டீச்சரிடம் அவள் போகவேயில்லை. பிலோமினாள் அமலியின் கழுத்தில் ஒரு ஜெபமாலையைப் போட்டுவிட்டு, அன்றிலிருந்து ஆன்மேரியோடு வேனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். காசிமாயன் அந்தத் திருப்பத்தில் ஒன்றும் சொல்வதில்லை. பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்துகிறார். முழங்கால் வீங்கிவிட்டது, கிளட்சை மிதித்தால் வலி உச்சிக்கு ஏறுகிறது. ஒரு குறையும் இல்லாதபோது எதற்கு இந்தப் பாடு என்று தங்கப்பொண்ணு கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

அமலி இப்போது ஏழாவது படிக்கிறாள். காசிமாயன் வில்லாபுரத்திலிருந்து பசுமலைக்கு அதே வேனை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.