உதட்டில் நீலம்

மகள் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கினாள்.

"வாயில வைக்காத மோளே!" என்று கத்திவிட்டேன்.

ஓவிய டீச்சரான என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். சாலைக் கடைகளுக்குப் பின்னால், எங்கள் ஒற்றை அறைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

"டீச்சரே, இன்னைக்கு எந்தக் கலரு தின்னீங்க?"

"ஆகாசத்தடா! நல்ல ருசி" என்று நீல நாக்கை நீட்டுவாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு மதியம் மூச்சு வாங்கப் பாயில் சாய்ந்தாள். உதடு நீலமாக இருந்தது. அன்று அவள் பிரஷையே தொடவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

"அம்மா, வாயெல்லாம் கலரு."

"தொடச்சு விடு மக்களே."

ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. சோப்புப் போட்டேன். அம்மா அசையவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் தாள்களோடு வாசலில் நின்று, "டீச்சரே" என்று கூப்பிட்டார்கள். நான் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தேன்.