சாந்தாமணி வெட்டி எடுத்த குரல்

ஏற்காட்டில் நாகலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது என்னோடு வேலை பார்த்த சாந்தாமணியின் கணவர் பழனிச்சாமி போனில் அழைத்தார். "சார், அவ போயிட்டாளுங்க" என்றார். பஸ் வந்ததும் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அவர் என்னைத் தனியாக அழைத்தார். "ஊரு சனம் பேசுனதையெல்லாம் பதிஞ்சு வெச்சாளே, அவ பேசுனது எங்காச்சும் இருக்குதுங்களா? என்ற போன்ல ஒண்ணுமே இல்லீங்க." பதிவுகளிலிருந்து தன் குரலை நீக்குவதையே ஒரு வேலையாகச் செய்தவர் சாந்தாமணி.

மலை கிராமத்து மக்களின் பேச்சைப் பதிவு செய்து சேமிப்பது எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. மைக் பிடிப்பது நான், கேள்வி கேட்பது அவர். திரும்பி வந்ததும் நான் ஒவ்வொரு ஒலிக்கோப்பாகத் திறந்து வெட்டிக்கொண்டிருப்பேன். அவர் கம்ப்யூட்டர் தானாகவே வெட்டும்படி நாலைந்து வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்க பூண்டு உரிக்கற மாதிரி ஒண்ணொண்ணா உரிங்க சார்" என்று கிண்டல் வேறு. அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

பேச்சின் தொடக்கத்திலேயே அவர் நலம் விசாரித்து, கேள்வியையும் கேட்டுவிடுவார். அதற்குப் பின் வரும் முதல் நீண்ட மௌனம்வரை ஸ்கிரிப்ட் வெட்டிவிடும். அடுத்த நீண்ட மௌனத்தில், பேச்சு முடிந்ததென்று கோப்பை மூடிவிடும். "என் குரல யாருங்க கேக்கப் போறாங்க?" என்பார்.

செம்மநத்தத்து விவசாயி ஒருவரிடம் இது பலிக்கவில்லை. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வெற்றிலையை ஒதுக்கி, நிதானமாக யோசித்துத்தான் அடுத்ததைத் தொடங்குவார். ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தபோது, "எங்கப்பன் சாமை போட்ட காட்டுல" என்பதோடு அவர் கதை நின்றுவிட்டது. நான் குதித்தேன். "நொம்பப் பதறாதீங்க சார். வெட்டுனது வேற ஃபோல்டர்லதான் போவும், அசல நான் தொடவே மாட்டேனுங்க" என்றார். பிறகு ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டே, "பேச்சு முடிஞ்சுதுன்னு நாமளா நெனச்சுட்டோம். அவரு யோசிச்சுட்டுத்தான் இருந்திருக்காரு" என்றார்.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் அந்த அசல் பதிவுகள் என் நினைவுக்கு வந்தன. இருக்குமா, யாராவது இடம் போதவில்லையென்று அழித்திருப்பார்களா என்ற பயத்தோடு கம்ப்யூட்டரைத் திறந்தேன். இருந்தன. அவருடைய ஸ்கிரிப்டையே எடுத்துத் தலைகீழாக மாற்றினேன்: அவர் தூக்கி எறிந்ததை வைத்துக்கொள், அவர் வைத்துக்கொண்டதை விட்டுவிடு. பலமுறை முரண்டு பிடித்துவிட்டு ஓடியது. எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்பாகச் சேர்த்துக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

பழனிச்சாமியின் வீட்டில் அதை ஓடவிட்டேன். "சாப்ட்டீங்களா?" என்று சாந்தாமணி கேட்டார். பதிவில் கரடியூர்க்காரர் ஒருவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "சாப்ட்டேன்" என்றார் பழனிச்சாமி. அடுத்த ஊரிலும் அதே கேள்வி. "சாப்ட்டேன் கண்ணு" என்றார்.

அந்தக் கோப்பின் ஒரு நகல் என்னிடம் இருக்கிறது. பழனிச்சாமியின் போனில் அதை ஏற்றுவதற்கு முன், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள சின்னச் சின்ன மௌனங்களை வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை. அவர் பதில் சொல்ல அந்த இடம் வேண்டும்.