மாரான் குஞ்சுகளும் கோமதி அக்காவும்

நான் வளர்க்கும் கோழிகளுக்குக் காலிலும் இறகு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தொடங்கி, வெளிப்பக்கமாகக் கடைசி விரல்வரை, கிழிந்த காலுறையை மாட்டிவிட்டதுபோல் ஒரு வரிசை. இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் குளிர், மௌனம், உப்பில்லாத வெண்ணெய் எல்லாம் பழகிவிட்டன. இது இன்னும் பழகவில்லை. ஈரப்புல்லில் மேய்ந்துவிட்டு வந்தால் அந்த இறகில் சேறு உருண்டு காய்ந்து கல்லாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, விரல் நகம் பெயராமல் அதை உடைத்து எடுக்க வேண்டும். கோழிக்குக் கால் கழுவிவிடுவதும் ஒரு வேலை என்று சொந்த ஊரான சங்கரன்கோவிலில் சொன்னால் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

பிரான்சின் மேற்குக் கடற்கரைக்குப் பக்கம், சதுப்பு நிலத்தை வாய்க்கால் வெட்டி வடித்து மேய்ச்சல் காடாக்கிய தட்டைப் பூமி எங்கள் ஊர். இந்தக் கோழி இனத்துக்குப் பெயர் தந்த மாரான் என்ற சிற்றூர் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் வேலை செய்கிறேன். மனைவி வள்ளி அதே இல்லத்தில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். பக்கத்து வீட்டில் ஜெரார் தனியாக இருக்கிறார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கடந்த ஏப்ரலில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை வேலிக்கு மேலே நீட்டினார். உள்ளே பொரித்து இரண்டு நாளான ஆறு குஞ்சுகள். உடம்பு கருப்பு, வயிறும் இறக்கை நுனியும் மட்டும் வெள்ளை. பொரிப்பான் பெட்டியில் பொரித்தவை. தாய் கிடையாது. சிவப்பு விளக்கு ஒன்றையும் தந்தார்.

துணி துவைக்கும் அறையில் விளக்கைத் தொங்கவிட்டு வளர்த்தோம். முதல் வாரம் ஆறும் ஒரே குவியலாகத்தான் தூங்கும். ஓரத்தில் கிடப்பது எழுந்து, மற்றவற்றின் முதுகில் ஏறி நடுவில் புகுந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று ஓரத்துக்கு வந்துவிடும். மூன்றாவது வாரம் சண்டை தொடங்கியது. இரண்டு குஞ்சுகள் எதிரெதிரே நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, எது உயரம் என்று பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். குட்டையானது பார்வையைத் திருப்பிக்கொண்டு தரையைக் கொத்தும். நான்காவது வாரம் வெளியே விட்டபோது ஒரு நாரை மேலே பறந்தது. ஆறும் அப்படியே உறைந்து நின்றன. பருந்து என்று கத்திக் காட்ட அவற்றுக்கு ஒரு தாய் இருந்ததே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அந்த நாட்களில் ஒருமுறை ஜெரார் வேலியில் சாய்ந்துகொண்டு, "வு ஸாலே லெ மான்ஜே?" என்று கேட்டார். அதில் எனக்குப் பிடிபட்டது 'மான்ஜே', சாப்பிடுவது, என்ற ஒரு சொல்தான். "தினமும் இரண்டு தடவை," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக." அவர் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். வள்ளியின் பிரெஞ்சு என்னுடையதைவிட நல்ல பிரெஞ்சு. அவள்தான் பின்னர் விசாரித்துவிட்டு வந்து, "இதுகளத் திங்கப்போறியளான்னு கேட்ருக்காரு. நீங்க என்னத்தச் சொல்லி வச்சிய?" என்றாள்.

ஜூன் மாதம் ஒரு வாரம் மழை விடவே இல்லை. காலில் சேறு கட்டுமே என்று குஞ்சுகளைத் தோட்டத்துக் கொட்டகையிலேயே அடைத்து வைத்தேன். வளரும் வயதில் ஆறு கோழிக்கு அந்த இடம் போதாது. அது என் தவறு. நாலாவது நாள் திறந்து பார்த்தபோது எல்லாவற்றிலும் சிறியதன் வால் அடியில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மற்ற ஐந்தும் முறை வைத்ததுபோல் வந்து அந்தச் சிவப்பையே கொத்தின. அது ஓடவில்லை. மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு, முதுகை அவற்றுக்குக் கொடுத்து நின்றது. ஜெரார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை.

"கோமதி மதினிட்ட கேளுங்க," என்றாள் வள்ளி.

நான் குஞ்சைத் திருப்பிக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளியே என் கைபேசியை எடுத்து, காயத்தைப் படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பத்து நிமிடத்தில் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் தறிச் சத்தம்.

"ஏலே, என்னல இது, கோழிக்குக் கால்ல முடி முளைச்சிருக்கு? சரி, அது கெடக்கட்டும். அடிபட்டத மொதல்ல தனியாப் பிரிச்சு வையி. ரத்தத்தக் கண்டா மத்தது விடாது. மஞ்சப்பொடிய வேப்பெண்ணெயில கொழச்சுத் தடவு. அங்கன வேப்பெண்ணெய் இருக்காதோ? தேங்காண்ணெய் இருக்கும்லா, அது போதும்."

மூன்று முறை கேட்டேன். கோமதி அக்கா என்னிடம் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் கோவில் தெய்வங்களின் பெயர்தான், நான் சங்கரநாராயணன். அக்காவைச் சங்கரன்கோவிலிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் வீட்டோடு ஒட்டி விசைத்தறி போட்டிருக்கிறார். அவர்களுக்கு ஒரே மகள், பவானி. அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் நான் போகவில்லை. வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே வர முடியாது. ஊரில் எல்லோருக்கும் நான் சொல்லியிருக்கும் காரணம் இதுதான். காரணம் உண்மை. ஆனால் அட்டை வராது என்பது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளும் அக்கா கூப்பிடும்போதெல்லாம் "வந்துருவேன்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்காவது வந்துவிடாதா என்ற நப்பாசை ஒரு பக்கம். அக்காவின் குரல் இறங்குவதைக் கேட்கும் தைரியம் இல்லாதது மறுபக்கம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, மண்டபத்தில் மேளம் வந்து இறங்கிய பிறகு, வரமுடியாது என்று சொன்னேன். அக்கா "சரி" என்று போனை வைத்தாள். பிறகு பேசவில்லை.

குஞ்சை ஐந்து நாள் சமையலறையில் ஒரு பெட்டியில் வைத்திருந்தோம். காயம் ஆறிப் பொருக்குக் கட்டியதும் கொண்டுபோய் மற்றவற்றோடு விட்டேன். ஒரே விளக்கின் கீழ் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கியவை. ஐந்தும் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத அந்நியக் கோழியைத் துரத்துவதுபோல் துரத்தின. மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். இந்த முறை நானே குரல்பதிவு அனுப்பினேன்.

"அஞ்சு நாளு கண்ணுல படலன்னா அது வேத்தாளுதான்," என்றது அக்காவின் பதில். "பஞ்சாரத்த நடுவுல கவுத்து, அதுக்குள்ள இத விடு. சுத்தி மத்தது மேயட்டும். கண்ணால பாக்கட்டும், கொத்த முடியாது. நாலு நாளு கழிச்சுத் தூக்கு."

பஞ்சாரம் என்பது நம் ஊரில் கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. இங்கே அதற்கு எங்கே போவது? ஓட்டை ஓட்டையாக இருந்த பிளாஸ்டிக் துணிக்கூடையைக் கவிழ்த்து, காற்றில் புரளாமலிருக்க மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். மகள் வீட்டிலிருந்து திரும்பிய ஜெரார் வேலிக்கு அப்பாலிருந்து நெடுநேரம் பார்த்தார். முதல் நாள் ஐந்தும் கூடையைக் கொத்தின. இரண்டாம் நாள் சுற்றி நடந்தன. மூன்றாம் நாள் ஒன்று கூடையில் சாய்ந்து உட்கார்ந்து வெயில் காய்ந்தது. ஐந்தாம் நாள் கூடையைத் தூக்கினேன். பெரியது வந்து தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் தன் மேய்ச்சலுக்குப் போனது. மற்றவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சின்னது கடைசி ஆளாகப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் அது கடைசிதான். எல்லாம் தின்று முடித்த பிறகே அது தட்டுக்கு வரும். ஆனால் கூட்டத்தில் இருக்கிறது.

இதை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்க நான் விரும்பவில்லை, பொருந்தவும் பொருந்தாது. கோழி ஐந்து நாளில் மறந்துவிடுகிறது. அக்கா இரண்டு வருடத்தில் ஒன்றையும் மறக்கவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் வீடியோவில் பேசினோம். கோழியைப் பற்றி மட்டும். நான் கைபேசியைத் தோட்டத்தில் தூக்கிப் பிடிப்பேன். அக்கா அங்கிருந்து ஆராய்வாள். "அந்தா வேலியோரம் நிக்கே, அது சேவலு. நிக்க நிலையப் பாரேன்," என்றாள் ஒருநாள். அது பெட்டை என்று ஜெரார் அடித்துச் சொல்லியிருந்தார். இரண்டு வாரத்தில் அதன் கொண்டை சிவந்து, கழுத்தில் செம்பு நிறச் சிறகு இறங்கியது. ஆறில் இரண்டு சேவல் என்றானது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, திரையின் ஓரத்தில் பவானி வந்து எட்டிப் பார்த்து, "மாமா, கோழி எங்க?" என்றாள். முகம் உப்பியிருந்தது. கார்த்திகையில் வளைகாப்பு என்று அக்கா பொதுவாகச் சொன்னாள்.

"நான் வரட்டுமாக்கா?"

அக்கா சற்று நேரம் திரையைப் பார்க்காமல் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாரதுன்னா வா. வாரேன்னு மட்டும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அட்டை கையில் இருந்தது. விமானச் சீட்டு எடுத்து, அதைப் படமெடுத்து அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக்குறி மட்டும் விழுந்தது. வள்ளிக்கு விடுப்புக் கிடைக்காததால் நான் மட்டும் கிளம்பினேன். அவளுக்கு விடிகாலை வேலை என்பதால் காலையில் கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஜெரார் ஒப்புக்கொண்டார். கிளம்பும் முன், இந்த முறை கையால் சைகை காட்டி, ஒரு சேவலைத் தான் சாப்பிடலாமா என்று கேட்டார். இந்த முறை புரிந்துதான் சரி என்றேன்.

சங்கரன்கோவிலில் மழை பெய்து கரிசல் ஊறிக்கிடந்தது. அத்தான் பேருந்து நிலையத்துக்கு வந்து பைக்கில் கூட்டிப்போனார். அக்கா வாசலுக்கு வந்தாள். "மெலிஞ்சுட்ட," என்றாள். எனக்கு எவர்சில்வர் தம்ளரில் இல்லாமல், கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரைத் திறந்து கொடுத்தாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குடித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளாகவே புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். பவானியின் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வருவது ஒன்றுவிட்ட தம்பி ஒருவன். மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் அவனைத்தான் பார்க்கிறார்கள். அவன் சட்டை கசங்கியிருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார்களாம்.

"அந்த எடத்துல ஒரு ஆளு நிக்கணும்லா," என்றாள் அக்கா.

"தப்புதான்க்கா."

"நீ வரலங்கதுக்கு எனக்குக் கோவமில்ல, கேட்டியா? வர முடியாதுன்னா முடியாது. பத்து நாளைக்கு முந்தியே சொல்லிருந்தா இவனுக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து, மொறையாக் கூப்பிட்டிருப்பேன். ராத்திரியெல்லாம் ஒனக்குக் கட்டுன மாலை அண்டாவுல தண்ணி தெளிச்சு இருக்கு. அத யாருக்குப் போடன்னு நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"பத்து நாளு முந்தியே எனக்குத் தெரியும்க்கா. பயந்துட்டு சொல்லல."

"தெரியும்," என்றாள். "நீ 'வந்துருவேன்'னு சொல்லும்போதே தெரியும். நீயா சொல்லுவன்னு பாத்தேன்."

ஆல்பத்தை மூடினாள். அழவில்லை. நானும் அழவில்லை. அப்புறம், காலையில் அறுத்த சேவலின் ஈரல் தனியாக இருக்கிறது, ராத்திரிக்கு வறுக்கட்டுமா என்று கேட்டாள்.

வளைகாப்பன்று வளையல் தட்டுகள் வாசலில் வரிசையாக இருந்தன. யார் எதைத் தூக்குவது என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தின் பின்னால் சுவரோரம் நின்றேன். அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, பெரிய தட்டைத் தூக்கி என் கையில் வைத்தாள். "நீ முன்னால போ," என்றாள். போனேன். கண்ணாடி வளையல்கள் சரிந்துவிடக் கூடாதே என்று தட்டையே பார்த்துக்கொண்டு நடந்ததால், யார் யார் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஜெரார் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய அகன்ற உள்ளங்கையில் முதல் முட்டை. அடர்ந்த பழுப்பு நிறம், மேலே இன்னும் கருப்பான புள்ளிகள். அக்கா கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "கருப்பட்டியில புடிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு," என்றாள். அது சின்னது இட்டதா, பெரியது இட்டதா என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கே அல்லவா இருக்கிறேன்.

மறுநாள் அக்கா முன்வாசலில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் இருந்தேன். பேச்சின் நடுவே எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"எங்கல கெளம்பிட்ட?"

"எங்கயுமில்லக்கா. அங்கன மணி ஏழரை. கோழியத் தொறந்து விடுத நேரம்."

அக்கா நறுக்குவதை நிறுத்தித் தெருவைப் பார்த்தாள். உச்சி வெயிலில் அவளுடைய கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"இங்கன எல்லாம் விடியக்காலமே தொறந்தாச்சு," என்றாள். "உக்காரு."

உட்கார்ந்தேன்.