கடற்கரையில் பை காக்கும் வீரம்மா

பஸ் நிற்கும் முன்பே வீரம்மா சேலையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சவர்க்காரக் கட்டியைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார். மலை அட்டைக்குச் சவர்க்காரம் சரி, கடற்கரையில் அட்டை கடிக்காது என்று வருடாவருடம் சொல்லிப் பார்க்கிறோம். “தண்ணி இருக்கிற எடத்துல அட்ட இல்லாமலா?” கலஹா தேயிலைத் தோட்டத்து மழையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த கால்கள். அவற்றோடு வாதாடி யார் ஜெயிப்பது?

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போவோம். கோணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு உப்புவெளி, நிலாவெளி என்று கரையோரமாகவே பகல் ஓடிவிடும். இறங்கிய இடத்திலெல்லாம் வீரம்மா, மலையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மணலில் விரிப்பார். எங்கள் பைகளையும் செருப்புகளையும் அதில் குவித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். “போங்க, போங்க. நா பாத்துக்கிறேன்.” நாங்களும் வெட்கமில்லாமல் ஓடிவிடுவோம். இத்தனை பயணத்திலும் அவர் கடலில் கால் வைத்ததே இல்லை. இறங்க ஆசையில்லாதவர் எதற்குச் சவர்க்காரம் தேய்க்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வேறு யாரையும் காவலுக்கு வைக்க ஒப்பமாட்டார். இளவயதில் ஒருநாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாராம். திரும்பி வந்தால் சாக்கில் பாதிக் கொழுந்தைக் காணோம். அன்றைக்கு அரைநாள் சம்பளந்தான். “அரப்பேரு போட்டுட்டாங்க. அன்னையிலருந்து சாமான வச்ச எடத்த விட்டு நகர மாட்டேன்.” சொல்லும்போது இன்றைக்கும் மூக்கு விடைக்கிறது.

அடுத்த மாதம் ஓய்வு பெற்று, பன்விலையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுகிறார். எங்கள் பஸ்ஸில் அவருக்கு இதுதான் கடைசிப் பயணம். நிலாவெளியில் வெயில் இறங்கிவிட்டது. அவருடைய தங்கை மகள் சுந்தரி ஈரம் சொட்ட ஓடிவந்தாள்.

“பெரியம்மா, இனி எப்ப வரப் போறீங்க? ஒருக்காவாச்சும் கால நனைங்க. நா இருக்கேன்ல.”

“நீ ஃபோனப் பாத்துக்கிட்டு இருப்ப.”

சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். மறுபடியும் கடலைப் பார்த்தார்.

சட்டென்று எழுந்து டிரைவர் ஹாஷிமிடம் ஒரு கயிறு கேட்டு வாங்கினார். படங்கின் நான்கு மூலைகளையும் சேர்த்து, பை, செருப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார். கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, மூட்டையைக் கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நேரே கடலுக்குள் நடந்தார்.

“ஏறுங்க, ஏறுங்க, கண்டிக்குப் போய்ச் சேர விடிஞ்சிரும்!” என்று கத்திய ஹாஷிம் ஹோனை அழுத்தினார். முழங்கால் நனைய நின்ற வீரம்மா, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, இன்னும் இரண்டடி உள்ளே போனார்.