பஸ்ஸைச் சுற்றும் கண்டக்டர்

"லோரி வருது, லோரி வருது! காலை மடக்கிக்குங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டே அப்பாசாமி பக்கவாட்டில் நகர்வார். நாற்பத்தாறு அங்குல இடுப்பு அவருக்கு. பஸ்ஸின் நடைவழியோ ஒரு முழத்துக்கும் குறைவு. அதிலும் பாதியைக் கூடைகளும் குடைகளும் முழங்கால்களும் பிடித்துக்கொள்ளும். இடக்கை வயிற்றை அமுக்கிப் பிடித்திருக்க, வலக்கை டிக்கெட்டில் ஓட்டை போடும். மலாக்கா பட்டணத்திலிருந்து காஜா பெராங் வழியாகப் பத்து பெரெண்டாம் என்னும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் சென்ற ஆண்டு ஏறியவர்கள் எல்லாரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் மனைவி அஞ்சலையோடு இருக்கிறார். வயது நாற்பத்தொன்று. தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டி வீட்டுப் பெண்களிடம் மலாய், சீனக் கடைக்காரர்களிடம் ஹொக்கியன், தோட்டத்து ஆட்களிடம் தமிழ் என்று ஆளுக்கேற்ற பாஷையில் வம்பளப்பார். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல், யாருடைய ஆடு தொலைந்தது என்பதெல்லாம் அவருக்கு பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துவிடும்.

வயிறும் பஸ்ஸில்தான் வந்து சேர்ந்தது. பட்டணத்து முனையில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு. பத்து பெரெண்டாம் முனையில் பூங்காவனத்தின் வடைக் கடை. இரண்டு முனையிலும், கட்டிப்பால் அடியில் தேங்கி நிற்கும் தேத்தண்ணீர். பசித்துச் சாப்பிட்டதாக அவருக்கு நினைவில்லை. பஸ் நின்றால் வாய் அசையும், அவ்வளவுதான். கூடவே உட்கார்ந்து அதே அளவு சாப்பிடும் டிரைவர் ஷம்சுதீன் மட்டும் குடைக்கம்பி போல இருப்பார். "ஒரே கடை, ஒரே தட்டு. நானாவுக்கு எங்கதான் போகுதோ!" என்று, அவரை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடும் அப்பாசாமி அங்கலாய்ப்பார்.

1956 பிப்ரவரி 20. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்றைக்கு என்று அறிவிக்கப்போகிறார்கள் எனக் கேள்விப்பட்டு, ஊரே பட்டணத்துத் திடலுக்குக் கிளம்பிய நாள். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. மூன்றாவது வரிசையில் இரண்டு அன்னாசிக் கூடைகளுக்கு நடுவே அப்பாசாமி சிக்கிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பட்டணம் வந்ததும் பின்பாதி ஜனம் பின்கதவு வழியாக இறங்கிவிட்டது. பாவம், அவர்கள் சில்லறையைக் கையில் நீட்டியபடிதான் இறங்கினார்கள். வாங்கத்தான் ஆள் வரவில்லை.

கீழே நின்றிருந்த பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் கணேசமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்தார். மறுநாள் கூப்பிட்டனுப்பினார். "மெர்டேக்கா தேதிய கேட்டீல்ல? அடுத்த வருசம் ஆகஸ்டு முப்பத்தொண்ணு. அன்னிக்கு இதைவிட ரெண்டு பங்கு கூட்டம் ஏறும். அதுக்குள்ள பின்சீட்டு வரைக்கும் போக வழி பாரு. முடியலையா, டிப்போவுல பஸ் கழுவு."

நாட்டுக்கும் அப்பாசாமியின் வயிற்றுக்கும் ஒரே தவணை. ஷம்சுதீன் அதை வழி நெடுக எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

"பஸ் கழுவறது கேவலமில்லீங்க. ஆனா நாள் முச்சூடும் யாருகிட்ட பேசறது? டயருகிட்டயா?" என்று அப்பாசாமி இன்றைக்கும் கேட்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருப்பதில்லை.

முதலில் பட்டினி கிடந்து பார்த்தார். வெறும் தண்ணீரும் எலுமிச்சையுமாக இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் தலை சுற்றி, ஒரு சீன அம்மாவின் முட்டைக் கூடை மேல் சாய்ந்தார்.

இரங்கிப்போன பக்கத்து வீட்டு மலாய் அத்தை, மக்சிக், ஒரு வழி சொன்னார். பிள்ளை பெற்ற மலாய்ப் பெண்கள் வயிறு ஒட்டுவதற்காகச் சுற்றிக் கட்டும் நீளத் துணி ஒன்று உண்டு. பெங்குங் என்பார்கள். தன்னுடையதையே கொண்டு வந்து கொடுத்தார். காலையில் அஞ்சலை துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், அப்பாசாமி பம்பரம் போலச் சுற்றிச் சுற்றி அதற்குள் போவார். மேலே காக்கிச் சட்டை. இடுப்பு குறைந்தது போலத்தான் இருந்தது. மூச்சுதான் விட முடியவில்லை.

நாலாம் நாள், சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்த முனையை ஒரு கூடையின் பிரம்பு பிடித்துக்கொண்டது. அப்பாசாமி முன்னால் போகப் போக, துணி பின்னால் வளர்ந்தது. பாதி பஸ் தாண்டும்வரை அவருக்குத் தெரியாது. கெபாயா மேல்சட்டை அணிந்த ஒரு செட்டி அம்மா துணியைக் கையில் எடுத்துப் பார்த்து, மலாயில் நிதானமாக விசாரித்தார்: "பிள்ளை பிறந்து எத்தனை நாள் ஆச்சு, கண்டக்டர்? ஆணா, பெண்ணா?" சிரிப்பதற்காக ஷம்சுதீன் பஸ்ஸை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

அன்று மாலை அஞ்சலை அவரை, மருந்தகத்தில் டாக்டருக்கு உதவியாளரான டிரசர் பொன்னுதுரையிடம் இழுத்துக்கொண்டு போனார். பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் ‘ஐசே’ என்றுதான் விளிப்பார். துணிக் கதையைக் கேட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பட்டினி கிடந்தா வயிறு போகாது ஐசே, ஆள்தான் போவீர். உம்மட வயிறு ஒரு நாளில வந்ததில்லை. ஒரு நாளில போகவும் மாட்டுது. சாகுமட்டும் விடாமச் செய்யக்கூடிய மாத்தம் எதுவோ, அதை மட்டும் செய்யும். பஸ் நிண்டா என்ன செய்யிறனீர்?"

"திம்பேன் சார்."

"அப்ப, பஸ் நிண்டா நடவும்."

நடப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. காசுப் பையோடு இருக்கும் கண்டக்டர் பஸ்ஸை விட்டு விலகக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அப்பாசாமி யோசித்தார். பஸ்ஸையே சுற்ற ஆரம்பித்தார். முனையில் பஸ் நிற்கும் நேரமெல்லாம், காசுப் பை குலுங்க, கையை வீசிக்கொண்டு வேகமாகச் சுற்று. ஷம்சுதீன் தேத்தண்ணீர்க் கடையிலிருந்து கத்துவார்: "தம்பி, மூணு சுத்து போதும்! பஸ்ஸு வரம் குடுத்திரும்!" தோட்டத்து அம்மா ஒருவர் ஏதோ வண்டிப் பூசை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு ஏறினார். அடுத்த வாரம் பஸ்ஸின் முகப்பில் ஒரு செம்பருத்தியும் இருந்தது.

சாப்பாட்டு யுத்தம் வீட்டில் நடந்தது. அஞ்சலை சோற்றைக் கொட்டினால் தட்டில் ஒரு மேடு எழும்பும். அதைப் பாதியாக்கச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நீ இளைச்சா ஊரு உன்னையா கேக்கும்? என்னையத்தான் கேக்கும். புருசனுக்குச் சோறு போடாதவன்னு எனக்குல்ல பேரு!"

இரண்டு நாள் போயிற்று. பிறகு அஞ்சலையே ஒரு முடிவுக்கு வந்தார். "தனித்தனியா ஆக்க என்னால முடியாது. நீ திங்கறதைத்தான் நானும் திம்பேன். ரெண்டு பேரும் இளைச்சா ஊரு என்ன சொல்லும்? சம்பளம் பத்தலைன்னு சொல்லும். சொல்லட்டும்." அதிலிருந்து அந்த வீட்டில் முதலில் தட்டுக்கு வருவது கங்கோங் கீரை, அடுத்து பயறோ மீனோ, சோறு கடைசியில், ஒரு கரண்டி. தேத்தண்ணீருக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பி. முதல் மாதம் அதை வேப்பெண்ணெய் குடிப்பது போல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். இப்போது யாராவது சீனி போட்டுக் கொடுத்துவிட்டால் முகம் சுளிக்கிறார்.

வடையை அவர் துறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. பூங்காவனத்துக்கு அதில்தான் கோபம். "தினம் தின்னா வாடிக்கைங்கலாம். வேண்டாம்னா சண்டையாவது போடலாம். வெள்ளிக்கு வெள்ளி ஒண்ணே ஒண்ணு வாங்கித் திங்கறதுக்கு என் வடை என்ன கோயில் பிரசாதமா?"

இரண்டு மாதம்வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஷம்சுதீன் கேலியைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் அப்பாசாமிக்குப் பயமாக இருந்தது. பிறகு ஒரு நாள் காற்சட்டை நழுவியது. தீபாவளிப் பலகாரத்தில், போயிருந்த வயிறு பாதி திரும்பி வந்தது. முன்பென்றால் மறுநாள் பட்டினி கிடந்திருப்பார். இந்த முறை அதே கீரை, அதே ஒரு கரண்டி சோறு, அதே சுற்று. அவசரப்படவில்லை. திரும்பி வந்தது பொங்கலுக்குள் போய்விட்டது.

இந்த ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஸ்பெக்டர் கணேசமூர்த்தி பத்து பெரெண்டாமில் பின்கதவு வழியாக ஏறினார். கடைசி சீட்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். சம்பளம் போட்ட வாரம். சந்தைக்குப் போகிறவர்கள் கதவுவரை தொங்கினார்கள். எதற்காக வந்திருக்கிறார் என்று ஷம்சுதீனுக்குத் தெரிந்துவிட்டது. வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

அப்பாசாமி முன்னாலிருந்து புறப்பட்டார். பழக்க தோஷத்தில், "லோரி வருது, லோரி வருது!" என்றார்.

"எங்கண்ணே லோரி? சைக்கிள்தான வருது!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

பஸ் சிரித்து முடிப்பதற்குள் அவர் நாலு வரிசை தாண்டியிருந்தார். அன்னாசிக் கூடை, சேவல், தூங்கும் குழந்தை, விரித்த குடை. காஜா பெராங் வருவதற்கு முன்பே கடைசி சீட்டின் முன் நின்றார். சட்டை நனைந்திருந்தது, மூச்சு வாங்கவில்லை. மூலையில் இருந்தவரிடமும், மற்றவர்களிடம் கேட்பது போலவே, "டிக்கெட்?" என்றார்.

இன்ஸ்பெக்டர்களுக்கு டிக்கெட் கிடையாது. கணேசமூர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் துழாவிச் சில்லறையை எடுத்து நீட்டினார். அப்பாசாமி ஓட்டை போட்டுக் கொடுத்தார். "முப்பத்தொண்ணாந்தேதி மொத வண்டி உனக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பட்டணத்தில் பஸ் நின்றதும் ஷம்சுதீன் குதித்து ஓடினார். அப்பாசாமி கடைசி ஆளையும் இறக்கிவிட்டு வருவதற்குள், மேசையில் ஒரு நாசி லெமாக் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கட்டிப்பால் தேங்கிய தேத்தண்ணீர். "ஜெயிச்சாச்சு தம்பி! இனி எவன் கேப்பான்? உக்காரு, மாக்கான் பண்ணு!"

அப்பாசாமி இலையைப் பார்த்தார். நெத்திலியிலும் சம்பலிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. இலையை மெல்ல ஷம்சுதீன் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிரும் நானா, சாப்பிடுங்க."

முன்பு வயிற்றை அமுக்கிப் பிடித்திருந்த இடக்கையால் காசுப் பையைக் குலுங்காமல் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் முன் சக்கரத்திலிருந்து சுற்றத் தொடங்கினார்.

முப்பத்தொன்றாம் தேதி, மெர்டேக்கா நாளின் முதல் பஸ் பத்து பெரெண்டாமிலிருந்து காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது.